மாப்பிள்ளை வண்டியின் குரல்

இந்தக் குரலைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்குது என்று ஒருவன் எழுதியிருக்கிறான், பெயருக்குப் பக்கத்தில் சிங்கத்தின் படம் போட்டிருக்கிறான், சிலிர்க்கட்டும் தம்பி, நன்றாகச் சிலிர்க்கட்டும், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனான இந்த உலகநாதன் இப்போது புற்றுநோய் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, உன்னைத்தான் செல்போனில் படித்துக்கொண்டிருக்கிறான். நீ சொல்கிற குரல் இங்கே இல்லை. தொண்டைக்குள் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சொரசொரப்புதான் மிச்சம். பக்கத்தில் செண்பகம், என் மனைவி, மடியில் துண்டை விரித்துச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருக்கிறாள், நார் ஒன்றுகூட இருக்கக்கூடாது அவளுக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. கூப்பிட்டதும் உள்ளே போய் நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான், அதற்குத்தான் இன்று வந்திருக்கிறோம். ரேடியேஷன் என்று கரண்ட் வைத்துப் பார்த்தாகிவிட்டது, போன கட்டி திரும்பி வந்துவிட்டது, இனி குரல்வளையையே எடுக்கவேண்டும். எடுத்தால் பிழைத்துக்கொள்வேன், கழுத்தில் ஓர் ஓட்டை இருக்கும், மூச்சு அது வழியாக, பேச்சு கிடையாது. எடுக்காவிட்டால் பேச்சு இருக்கும், கொஞ்ச நாளைக்கு, அப்புறம் நானே இருக்கமாட்டேன். நல்லா யோசிச்சுட்டு வாங்க சார் என்று போன வாரம் சொல்லி அனுப்பினாள், அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். யோசித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். செண்பகத்துக்கு இது தெரியாது, கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கும் தெரியாது, இருவரும் நான் தலையாட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகள்தான் நேற்று இந்த வீடியோவை அனுப்பினாள், அப்பா இது நீங்கதானே என்று கேட்டு. பழைய விளம்பரங்களைத் தேடிப் பிடித்து யூடியூபில் ஏற்றுகிற ஒரு புண்ணியவான் இதையும் எங்கிருந்தோ கிண்டி எடுத்திருக்கிறான். படம் முழுக்க மழை பெய்கிறது, அத்தனை கீறல். செம்மண் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெள்ளை ராஜஹம்சா கார் வருகிறது, பெரிய வீட்டு வாசலில் கோலம், புள்ளி ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமுமாக, ஆரத்தித் தட்டோடு ஓர் அம்மாள், மீசை வைத்த பெரியவர் ஒருவர் நெற்றியில் கையை வைத்துத் தூரமாகப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக, “மாப்பிள்ளை வந்துட்டார்!” என்கிறார். மீசை அவருடையது, குரல் என்னுடையது. அவ்வளவுதான் விளம்பரம், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஆனால் அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் ஒரு பகல் போதாது. எங்கப்பா இதே வண்டி இதே கலர் வச்சிருந்தார், இப்ப அப்பாவும் இல்ல வண்டியும் இல்ல என்று ஒருவர், பாவம், அதற்குக் கீழே எல்லாரும் இதயம் இதயமாகப் போட்டிருக்கிறார்கள். அந்தம்மா கட்டியிருக்கறது சுங்குடியா என்று ஒரு பெண், இல்ல சிஸ்டர் அது வடக்கத்திப் பாந்தினி என்று இன்னொரு பெண், அதிலிருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று போய்விட்டார்கள். இன்னிக்கு யாரெல்லாம் பாக்கறீங்க ஒரு லைக் போடுங்க என்று கையேந்திக்கொண்டு ஒருவன், எந்த விளம்பரத்துக்குக் கீழே போனாலும் இவன் நிற்பான் போலிருக்கிறது. அந்த காலத்து விளம்பரத்துல ஒரு மரியாதை இருந்துச்சு என்று ஒருவர், மரியாதையா, அந்த மீசைக்காரர் படப்பிடிப்பில் ஆரத்தித் தட்டுக்காரம்மாவோடு போட்ட சண்டையை, என் குரலைப் பதிவு செய்த ரூஸி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ரூஸி எப்படியிருக்கிறானோ. இருக்கிறானோ என்னவோ.

பம்பாயில் நான் பஞ்சாலை ஆபீசில் குமாஸ்தா. வேலை விட்டதும் தாதரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஓடுவேன், ரூஸி என்ற பார்சிக்காரன் நடத்தினான். விளம்பரத்தை இந்தியில் எடுத்துவிடுவார்கள், அப்புறம் அதே வாய்க்குத் தமிழ், அதே வாய்க்குத் தெலுங்கு என்று குரலை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டுவது. சோப்பு, கூந்தல் தைலம், குக்கர், எல்லாவற்றுக்கும் தமிழில் நான்தான் அப்பா, நான்தான் மாமனார், நான்தான் குடும்ப டாக்டர். திரையில் உதட்டைப் பார்க்கவேண்டும், அது எங்கே ஒட்டுகிறதோ அங்கே நம் சொல்லும் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் ஆள் மீன் மாதிரி வாயைத் திறந்துகொண்டிருப்பான். மீசைக்காரர் இந்தியில் சொன்னது மேஹ்மான் ஆ கயே, விருந்தாளி வந்துவிட்டார் என்று அர்த்தம். கம்பெனி ஆபீசில் யாரோ தமிழ் எழுதிக் கொடுத்திருந்தார்கள், விருந்தினர் வருகை புரிந்துவிட்டார். வருகை புரிந்துவிட்டாராம், திறப்பு விழாவுக்கு மந்திரியா வருகிறார். அதோடு மேஹ்மான் என்கிறபோது மீசைக்குக் கீழே உதடு இரண்டு தடவை ஒட்டுகிறது, விருந்தினர் என்றால் ஒரு தடவைகூட ஒட்டாது. நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன். மே, மா. மே, மா. திடீரென்று வாயில் வந்து விழுந்தது, மாப்பிள்ளை. மா என்றால் ஒட்டுகிறது, ப்பி என்றால் ஒட்டுகிறது, வெல்லத்தில் ஈ மாதிரி. ரூஸி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கையைத் தட்டினான். அவனுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது, உதடு மட்டும்தான் தெரியும். காரைப் போய் மாப்பிள்ளை என்றால் தமிழன் என்ன நினைப்பான் என்று யோசிக்க அங்கே இன்னொரு தமிழன் இல்லை, இருந்த ஒரு தமிழனோ அன்றைக்குக் கல்யாணமாகாதவன், மாப்பிள்ளையின் லட்சணம் என்னவென்று மாமனார்களைத்தானே கேட்கவேண்டும்.

மழை வந்தால் ராஜஹம்சா நின்றுவிடும். மேடு வந்தால் நின்றுவிடும். வீட்டு வாசலில் ஜம்மென்று நிற்கும், குடிக்கிற பெட்ரோலுக்குக் கணக்கே கிடையாது, அவசரத்துக்கு எழுப்பினால் அசையாது. தமிழ்நாடு முழுக்க அதற்கு மாப்பிள்ளை வண்டி என்று பெயர் நிலைத்துவிட்டது. இதோ எழுதியிருக்கிறானே ஒருவன், எங்க ஊர் ஓட்டல்காரர் வாங்கினார், ஸ்டார்ட் ஆகலேன்னா மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டார் வாங்கடான்னு கூப்பிடுவார், தள்ளிவிட்டா ஆளுக்கொரு வடை. வடைக்காகவே நிக்கட்டும்னு சாமி கும்பிடுவோம் என்று அவனுக்குப் பதில் போட்டிருக்கிறான் கூட்டாளி ஒருவன். கம்பெனிக்காரர்கள் அப்புறம் அந்த வரியை எடுக்கச் சொல்லி ரூஸியிடம் கத்தினார்களாம், அதற்குள் தியேட்டர் தியேட்டராக இடைவேளையில் ஓடி ஊர்வாயில் ஏறிவிட்டது, ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, உண்மையைச் சொன்னால் பெருமைதான், ஊருக்கு வந்தால் தெருவில் போகிறபோது யாரோ யாரையோ என் குரலில் கேலி செய்வான், நான் ஒன்றும் தெரியாதவன் போலக் கடந்துபோவேன். செண்பகத்தைப் பெண் பார்க்கப் போன அன்று நாங்கள் படியேறுகிறபோது அவளுடைய அத்தை பையன்கள் மாடியிலிருந்து மாப்பிள்ளை வந்துட்டார் என்று அதே ராகத்தில் இழுத்தார்கள், வழக்கமாக எல்லா வீட்டிலும் செய்கிற கிண்டல்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து, அடிவயிற்றிலிருந்து, தாதர் கூடத்தில் சொன்ன மாதிரியே திருப்பிச் சொன்னேன். வீடே கப்சிப். அப்புறம் ஒரே ஆரவாரம், அந்தக் குரலா, இவரா, இவரேவா என்று அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது, பெண்ணை விட்டுவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் சம்மதித்தது அந்த ஒரு குரலுக்காகத்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்டதில்லை, கேட்டு வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? அந்தக் குரல் போய்விட்டால் அவள் யாரோடு இருப்பாள். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வேண்டியதற்குக் கையைத் தட்டிக் கூப்பிடுகிற ஒரு ஆளோடு. சிகரெட் கிடையாது, வெற்றிலை கிடையாது, குரல் கட்டிக்கொள்ளும் என்று ஐஸ்கிரீம்கூடத் தொடாதவன் நான். வந்தது பார், வேறு இடமே கிடைக்காமல்.

“இந்தாங்க, வாயைத் திறங்க,” என்று ஒரு சுளையை நீட்டினாள் செண்பகம். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். விழுங்கினால் வலிக்கும். இவளிடம் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, உள்ளே போயும் இப்படியே சொல்லிவிட்டால் முடிந்தது, அப்புறம் இவள் அழுவாள், மகள் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருவாள், எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், நானும் பேசுவேன், அதுதானே வேண்டும் எனக்கு, பேச வேண்டும், கடைசிவரை பேச வேண்டும். போனைத் தள்ளினேன். இன்னும் கீழே ஒரு பெரிய வாக்குவாதம். யாருங்க இந்தக் குரல் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள், நெஞ்சு ஒரு நிமிஷம் தித்தித்தது, கேட்டாயா செண்பகம் என்று காட்டலாமா என்று பார்த்தேன், அதற்குள் பதில்கள். ரேடியோவுல செய்தி வாசிப்பாரே அவர். இல்ல நாடகக்காரர் ஒருத்தர், எங்க மாமாவுக்குப் பழக்கம். ரெண்டு பேரும் இல்ல, நல்லா கேளுங்க, மெட்ராஸ்காரர் குரலே இல்ல. பட்டிமன்றம் மாதிரி போகிறது, ஒருவன் இன்னொருவனைக் காது செவிடா என்கிறான், யாருக்கும் உலகநாதன் என்று ஒரு பெயர் தோன்றவில்லை. பரவாயில்லை, எப்படித் தோன்றும், விளம்பரத்தில் பெயரா போடுகிறார்கள். கடைசியில் மாமாவுக்குப் பழக்கம் என்றவன் வந்து முடித்து வைத்துவிட்டான், அவர் தவறிப் போய் ரொம்ப நாளாச்சுங்க. உடனே வரிசையாகக் கும்பிடுகிற கைகள், ஆழ்ந்த இரங்கல், ஆன்மா சாந்தியடையட்டும், மறக்க முடியாத குரல், ஈடு செய்ய முடியாத இழப்பு. என் சாவை நான் படிக்கிறேன். அதற்கு அடுத்த வரி, இந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் ப்ரோ. ஈடு செய்ய முடியாத இழப்புக்கு நேர் கீழே. மைலேஜ் பற்றியே அதற்கப்புறம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர்கூடத் திரும்பி என்னிடம் வரவில்லை.

கோபம் வந்தது எனக்கு. காதில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சத்தத்தை முழுசாக வைத்து மறுபடி ஓட்டினேன், கேட்கட்டுமே, இந்த வராந்தாவில் இருக்கிறவர்களாவது கேட்கட்டும். மாப்பிள்ளை வந்துட்டார். இருமிக்கொண்டிருந்தவர்கள், ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துத் தூங்கியவர்கள், எல்லாரும் நிமிர்ந்தார்கள். நர்ஸ் ஒரு முறை முறைத்தாள். எதிர் நாற்காலியில் ஒருவர், என் வயதுதான், கழுத்தில் வெள்ளைத் துணி, இவ்வளவு நேரமும் நான் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்த ஆள், எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு தடவை போடுங்க என்று விரலைக் காட்டினார். போட்டேன். தோள் குலுங்கியது அவருக்கு, சத்தமே இல்லாத சிரிப்பு, அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து டார்ச் லைட் மாதிரி ஒரு மிஷினை எடுத்துத் தாடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு வாயை அசைத்தார். மாப்-பிள்-ளை-வந்-துட்-டார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, மாவு மில் பேசுகிற மாதிரி ஒரே ரீங்காரம். என் வரி. என் அடிவயிற்று வரி. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள், நர்ஸ்கூட, நான்கூட, சிரிப்பு தொண்டையில் போய்க் குத்தி வலித்தது. “எங்-க-வீட்-ல-இருந்-துச்-சு-சார்,” என்றது மிஷின். “நான்-தான்-தள்-ளு-வேன்.” செண்பகம் அவரிடம், “உங்களுக்கு ஆபரேஷன் ஆகி நாளாச்சாங்க?” என்று கேட்டாள். அவர் மிஷினை வைக்காமல் கையாலேயே ரொம்ப நாள் என்று காட்டினார். “சாப்பாடெல்லாம் இறங்குதா?” பிரியாணி கிளறுவது போல ஒரு பாவனை, அப்புறம் கட்டைவிரல். எனக்கு அந்த மனிதரிடம் ஒன்று கேட்கவேண்டும் போல இருந்தது, ராத்திரி தனியாக விழித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று, கேட்க வாய் வரவில்லை. அதற்குள் ஊசி போடுகிற அறைக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிறபோது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், குரல் என்னுடையது என்று தெரியாமலே.

“அந்தக் குரலை இன்னொரு தடவை வைங்க,” என்றாள் செண்பகம். ஆச்சரியமாக இருந்தது. இவள் நேற்று மகள் அனுப்பியபோதுகூட அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டவள். வைத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள், சாத்துக்குடிச் சாறு பட்ட விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு. “எனக்கு இந்தக் குரல் அன்னிக்கே பிடிக்கலங்க,” என்றாள். நான் அவளையே பார்த்தேன். “பெண் பார்க்க வந்து வாசல்ல நின்னு கத்தினீங்களே, உள்ள இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐயோ, இந்த ஆள் வீட்லயும் இப்படித்தான் பேசுவாரா, உப்பு இல்லன்னாலும் இதே மாதிரியான்னு பயந்துட்டேன். அப்புறம் பஜ்ஜி கொண்டுவந்தேன். மிளகாயைக் கடிச்சுட்டு முழிச்சீங்க. எல்லாரும் உங்க குரலைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க, நீங்க என்கிட்ட மட்டும் கேக்கற மாதிரி, கொஞ்சம் தண்ணி தரீங்களான்னு கேட்டீங்க. வெக்கப்பட்டுக்கிட்டு. அந்த ஆளுக்குத்தான் சரின்னு சொன்னேன். இது யாரோ ரேடியோக்காரன்.” போனை விரலால் தள்ளிவிட்டாள், எச்சில் தட்டைத் தள்ளுவது போல. இத்தனை வருஷமாக என் குரலை மணந்தவள் என்று எண்ணிக்கொண்டு, அவள் முன்னால் கனைத்துக் கனைத்துப் பேசியிருக்கிறேனே, கறிகாய் வாங்கிவரப் போவதைக்கூட அறிவிப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போவேன், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாளா. அவமானமாக இருந்தது, உடனே எதையோ இறக்கி வைத்தது போலவும் இருந்தது, இரண்டும் ஒன்றாக எப்படி வரும் என்று தெரியவில்லை. “வேண்டாம்னு சொல்லத்தானே வந்திருக்கீங்க?” என்றாள், என்னைப் பார்க்காமல். “அட்மிஷன் போட்டா வேணுமேன்னு காலைல பையைக் கட்டினேன். எதுக்கு, உடனே திரும்பிடுவோம்னீங்க. அப்பவே தெரியும் எனக்கு. சொல்லிக்குங்க, நான் கையைப் பிடிக்கமாட்டேன். உங்க தொண்டை. ஆனா குரலுக்காகன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. அதுதான் இதுக்குள்ள பத்திரமா இருக்கே, ஊரே கேட்டுக்கிட்டிருக்கு. எனக்கு அது வேண்டியதில்ல. நீங்க எதிர்ல உக்காந்து முறைச்சுக்கிட்டிருந்தாக்கூடப் போதும்.” அழவில்லை அவள். அழுதிருந்தால் என்னால் பிடிவாதமாக இருந்திருக்க முடியும். நான் தொண்டையைச் செருமி, வலியோடு, கிழிந்த துணி மாதிரி வந்த குரலில், “எனக்குப் பயமா இருக்கு செண்பகம்,” என்றேன். “எனக்கும்தான்,” என்றாள். சுளையை நீட்டினாள். விழுங்க வலித்தது, விழுங்கினேன்.

“உலகநாதன் யாருங்க, உள்ள வாங்க,” என்றாள் நர்ஸ். எழுந்தேன், செண்பகம் துண்டையும் தோலையும் அள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். அறைக்குள் ஏசி குளிர், டாக்டரம்மா மேசையில் என் தொண்டையின் படத்தை வெளிச்சத்தில் வைத்திருக்கிறாள், கறுப்பும் வெளுப்புமாக, இதற்குள்தானா இருந்தது எல்லாம், மாமனார்களும் குடும்ப டாக்டர்களும், இவ்வளவு சின்ன இடத்திலா. “உக்காருங்க சார். என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?” நேற்றிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தை அங்கே இல்லை. அதற்குப் பதிலாக வந்திருப்பது என்ன என்று எனக்குத் தெரிகிறது, அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதிகம் சொல்வதற்கு இருக்காது என்றும் தெரிகிறது, அதனால் கொஞ்சம் தாமதித்தேன், ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. செண்பகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பண்ணிடலாம்ங்கறார் இவர், டாக்டர்,” என்றாள். நான் இன்னும் வாயையே திறக்கவில்லை. ஆனால் அதைத்தான் சொல்ல வந்தேன், அதே வார்த்தைதான். டாக்டரம்மாவுக்கு லேசாகக் கோபம். “அவரே சொல்லட்டும்மா. இது அவர் வாயால வரணும்.” நான் தலையை ஆட்டினேன், நன்றாக, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி.

“இனிமே இவருக்காக நான்தானே சொல்லணும், டாக்டர்,” என்றாள் செண்பகம். “இப்பவே பழகிக்கறேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மேசைக்குக் கீழே அவள் கை என் சட்டை நுனியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.